பாத்திரமேற்பு விளையாட்டுகளில் கதை சொல்லும் உரிமை

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டில் பலர் கூடி ஒரு கதையை உருவாக்குகிறார்கள். அந்தக் கதையில் என்ன நடந்தது என்று இறுதியாகச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பது இவ்விளையாட்டின் பழைய கேள்விகளுள் ஒன்று. 1974-இல் அந்த உரிமை ஏறத்தாழ முழுவதும் ஆட்டத்தை நடத்துபவரிடம் இருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அது சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஆட்டக்காரர்களின் கைக்கு வந்தது. எந்தப் பகுதி எப்போது, என்ன காரணத்தால் கை மாறியது என்பதையும், அதனால் கிடைத்தது எது, இழந்தது எது என்பதையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

ஆடும் முறை

பாத்திரமேற்பு விளையாட்டுக்குப் பலகை கட்டாயமில்லை. தாள், பென்சில், பகடை, விதிநூல் ஆகியவை போதும். வழக்கமாக நான்கு அல்லது ஐந்து பேர் ஆடுவார்கள். அவர்களுள் ஒருவர் நடத்துநர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்பார்கள். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர் என்று அமையலாம். நடத்துநர் சூழலை விவரிப்பார். ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். வெற்றியா தோல்வியா என்று தெரியாத இடத்தில் பகடை உருட்டப்படும். நடத்துநர் விளைவைச் சொல்வார். கதை இப்படியே நகரும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு பின்வரும் பகுதிகள் அனைத்துக்கும் உதவும். ஒரு பாத்திரம் பூட்டிய கதவின் முன் நிற்கிறது. கதவைத் திறக்க முயல்வதா, திரும்பிப் போவதா என்று முடிவு செய்பவர் ஆட்டக்காரர். பூட்டு திறந்ததா, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அங்கே கதவு இருப்பதே ஏன் என்பவற்றைப் பழைய முறையில் நடத்துநரே அறிவார், அவரே சொல்வார். கதை சொல்லும் உரிமையின் வரலாறு என்பது இந்த ஒரே கதவு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விதமாகத் திறக்கப்பட்ட வரலாறு எனலாம்.

போர்ப் பயிற்சி மேசையும் நடுவரும்

நடத்துநர் என்ற பதவியின் வேர் பிரஷ்யப் படையின் பயிற்சி முறையில் இருக்கிறது. 1812-இல் ரைஸ்விட்ஸ் பிரபு என்பவர் போரை மேசைமேல் நடத்திக் காட்டும் விளையாட்டு ஒன்றைப் பிரஷ்ய மன்னருக்கு அளித்தார். அவருடைய மகன் அதைத் திருத்தி, 1824-இல் உண்மையான நிலப்படத்தின்மேல் ஆடும் விதிகளாக வெளியிட்டார். இரு தரப்பினரும் தங்கள் கட்டளைகளை எழுதி நடுவரிடம் தருவார்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவருக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். விதிப்பட்டியலையும் பகடையையும் பார்த்து, எந்தப் படைக்கு எவ்வளவு இழப்பு என்று அவர் அறிவிப்பார்.

விதிகள் பெருகப் பெருக ஆட்டம் மந்தமானது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யப் படை அதிகாரி, பட்டியல்களைத் தள்ளிவைத்துவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே விதியாகக் கொள்ளலாம் என்றார். இதற்குச் சுதந்திரப் போர் விளையாட்டு என்று பெயர் வந்தது. ஆனால் இங்கே சுதந்திரம் பெற்றவர் நடுவர்தான், ஆட்டக்காரர்கள் அல்லர். படைப் பயிற்சிக்கு அது பொருந்தியது. மேலதிகாரி தீர்ப்புச் சொல்வதும் கீழதிகாரி ஏற்பதும் படையில் இயல்பானவை. பிற்காலத்தில் நண்பர்கள் ஒன்றுகூடி ஆடிய ஆட்டத்துக்கும் அதே அமைப்பு வந்து சேர்ந்தபோதுதான் கேள்விகள் எழுந்தன.

மின்னசோட்டாவில் நடந்த மாற்றம்

அமெரிக்கப் படை அதிகாரி சார்லஸ் டாட்டன் 1880-இல் ஸ்ட்ரேட்டகோஸ் என்ற போர் விளையாட்டு நூலை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, மின்னசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் போர் விளையாட்டு ஆடிவந்த டேவிட் வெஸ்லியின் கைக்கு அந்நூல் வந்தது. எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், விளைவை நடுவர் சொல்வார் என்ற கருத்து அவரைக் கவர்ந்தது.

1960களின் இறுதியில் வெஸ்லி பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய நகரத்தைக் களமாகக் கொண்டு ஓர் ஆட்டத்தை நடத்தினார். படைத்தலைவர்களுக்கான இடங்கள் போக, எஞ்சிய ஆட்டக்காரர்களுக்கு நகரத்து மனிதர்களின் பொறுப்புகளை அளித்தார். மேயர், வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் எனத் தனித்தனிப் பாத்திரங்களும் தனித்தனி நோக்கங்களும் இருந்தன. ஆட்டக்காரர்கள் முறைவரும்வரை காத்திருக்கவில்லை. தனித்தனியே கூடிச் சூழ்ச்சி செய்யத் தொடங்கினார்கள். ஆட்டம் கைமீறிப் போய்விட்டது, தோல்விதான் என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மீண்டும் ஆட வேண்டும் என்று கேட்டார்கள். நடுவர் திட்டமிடாத கதை ஆட்டக்காரர்களிடமிருந்து பிறக்கும் என்பது அங்கே வெளிப்பட்டது.

அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன் இவ்வகை ஆட்டத்தைக் கற்பனை உலகத்துக்குக் கொண்டுசென்று, 1971 அளவில் பிளாக்மூர் என்ற தொடர் ஆட்டத்தை நடத்தத் தொடங்கினார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸுக்கு அதை ஆடிக் காட்டினார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்கள். முதல் பதிப்பு 1000 படிகள்.

1974: எல்லாம் நடுவரிடம்

முதல் பதிப்பின் மேலட்டை அதைப் போர் விளையாட்டு விதிகள் என்றே அறிமுகப்படுத்தியது. நடத்துநரை அந்நூல் நடுவர் என்று அழைத்தது; டன்ஜன் மாஸ்டர் என்ற பெயர் சற்றுப் பின்னர் நிலைத்தது. நிலவறையின் வரைபடத்தை நடுவர் முன்பே வரைந்து மறைத்து வைத்திருப்பார். ஆட்டக்காரர்கள் கேட்டுக் கேட்டுத் தாங்களே ஒரு வரைபடம் வரைந்துகொள்வார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் புதையலா பூதமா என்பது ஆட்டம் தொடங்குமுன்பே எழுதப்பட்டிருக்கும்.

இந்த முறைக்கு உறுதியான காரணம் இருந்தது. மறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பதே ஆட்டத்தின் இன்பம். கதவுக்குப் பின்னால் இருப்பதை ஆட்டக்காரரே முடிவு செய்தால் கண்டுபிடிக்க ஒன்றும் இராது. மேலும், ஆட்டக்காரருக்கு அன்று இருந்த சுதந்திரம் சிறியதன்று. கதவை உடைக்கலாம், தட்டலாம், அதன் கீழே எண்ணெய் ஊற்றித் தீ வைக்கலாம், விட்டுவிட்டு வேறு வழி தேடலாம். கதை என்று எதுவும் முன்கூட்டித் திட்டமிடப்படவில்லை. ஆட்டம் முடிந்தபின் நினைத்துப் பார்க்கும்போதுதான் அது கதையாகத் தெரிந்தது.

கதை வந்தது, சுதந்திரம் சுருங்கியது

1980களில் ஆட்டத்துக்கு நல்ல கதை வேண்டும் என்ற விருப்பம் வளர்ந்தது. 1984-இல் டிஎஸ்ஆர் நிறுவனம் டிராகன்லான்ஸ் என்ற சாகசத் தொகுப்புகளை வெளியிடத் தொடங்கியது. டிரேசி ஹிக்மன், மார்கரெட் வைஸ் ஆகியோரின் நாவல்களும் அதே ஆண்டில் உடன்வந்தன. நாவலின் நாயகர்களையே ஆட்டக்காரர்கள் பாத்திரங்களாக ஏற்கலாம். ஆனால் கதை பல தொகுப்புகளுக்கு நீள்வதால், முக்கியமானவர்கள் பாதியில் இறக்கக்கூடாது. அவர்கள் இறந்தால் உடல் காணாமல்போகும்படி வைத்து, பின்னர் உயிரோடு திரும்பி வரச்செய்யலாம் என்று நடத்துநருக்கு வழி சொல்லப்பட்டது.

இதில் ஒரு முரண் இருந்தது. கதை சிறந்தது, ஆனால் அது வேறு யாரோ எழுதி முடித்த கதை. ஆட்டக்காரர் எந்தத் திசையில் போனாலும் அடுத்த அத்தியாயத்துக்கே வந்து சேருவார். தண்டவாளத்தில் ஓடும் ரயிலைப்போல என்று ஆட்டக்காரர்கள் இதைக் குறைகூறினர். பூட்டிய கதவை எப்படியும் திறந்தே ஆக வேண்டும். கதை அதற்கு அப்பால்தான் இருக்கிறது. 1991-இல் மார்க் ரைன்ஹேகன் வடிவமைத்த வேம்பயர்: தி மாஸ்கரேட், நடத்துநருக்குக் கதைசொல்லி என்றே பெயரிட்டது. அந்தப் பெயரிலேயே சிக்கல் தெரிந்தது. கதைசொல்லி ஒருவர் என்றால் மற்றவர்கள் கேட்பவர்களா என்ற வினா எழுந்தது.

முதல் பங்கீடு: விளைவை மாற்றும் புள்ளிகள்

இதற்கு இணையாக வேறொரு போக்கும் நடந்துவந்தது. 1980-இல் வந்த டாப் சீக்ரெட் என்ற உளவு விளையாட்டில், பாத்திரத்தைச் சாவிலிருந்து காப்பாற்றும் புள்ளிகள் இருந்தன. 1983-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் 007 விளையாட்டில் நாயகப் புள்ளிகள் இடம்பெற்றன. பகடை மோசமாக விழுந்தாலும் ஒரு புள்ளியைச் செலவிட்டு விளைவை உயர்த்திக்கொள்ளலாம். காரணம் எளியது. திரையில் ஜேம்ஸ் பாண்ட் பூட்டைத் திறக்கத் தெரியாமல் நிற்பதில்லை. பகடையோ அதைப் பார்த்து விழுவதில்லை. 1986-இல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் விளையாட்டும் இவ்வழியில் சென்றது.

புள்ளி சிறிய கருவிதான். ஆனால் நடுவரின் தீர்ப்பும் பகடையும் சொன்ன விளைவை, இப்போது நடந்தது இதுவன்று என்று ஆட்டக்காரர் மாற்ற முடிந்தது. அதுவும் வரம்போடுதான், கையில் இருக்கும் புள்ளி தீர்ந்தால் உரிமையும் தீரும்.

1987-இல் லயன் ராம்பன்ட் நிறுவனம் வெளியிட்ட விம்சி சீட்டுகள் ஒரு படி மேலே சென்றன. எந்த விளையாட்டோடும் சேர்த்து ஆடக்கூடிய சீட்டுக்கட்டு அது. எதிர்பாராத திருப்பம் போன்ற குறிப்புகள் அவற்றில் இருக்கும். சீட்டைப் போட்டவர் கதையில் அப்படியொரு திருப்பத்தைத் தாமே புகுத்தலாம். 1993-இல் வந்த தியேட்ரிக்ஸ், பகடை இல்லாமலேயே ஆடும் முறையை முன்வைத்து, கதைப் புள்ளிகளைச் செலவிட்டுக் கதையின் செய்திகளை ஆட்டக்காரர் அறிவிக்க இடமளித்தது.

இரண்டாம் பங்கீடு: நாற்காலி மாற்றம்

அதிகாரத்தை உடைக்காமல் முறைவைத்து மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. ஜொனாதன் ட்வீட், மார்க் ரைன்ஹேகன் ஆகியோர் உருவாக்கி 1987-இல் வெளிவந்த ஆர்ஸ் மாஜிகா இதற்கு முன்னோடி. இடைக்கால ஐரோப்பாவில் மந்திரவாதிகள் வாழும் மடம் அதன் களம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்கள் உண்டு. காவலர்கள் எல்லோருக்கும் பொதுவானவர்கள். நடத்தும் பொறுப்பைக் குழுவினர் மாறி மாறி ஏற்கலாம். உலகத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொருவர் பொறுப்பில் வளரும். 1989-இல் கிரெக் ஸ்டாஃபர்ட் காசு சுண்டி ஆடும்படி எளிமையாக அமைத்த பிரின்ஸ் வேலியன்ட் விளையாட்டிலும், ஆட்டக்காரர்கள் சிறிது நேரம் கதைசொல்லியாக மாறும் வழி இருந்தது.

1998-இல் ஜேம்ஸ் வாலிஸ் வெளியிட்ட பேரன் மன்சாசன் விளையாட்டில் நடத்துநர் இல்லை. ஒவ்வொருவரும் முறைவைத்து நம்ப முடியாத வீரதீரக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் நாணயத்தைப் பந்தயமாக வைத்துக் குறுக்கே புகுந்து, கதையில் சிக்கலை ஏற்படுத்தலாம். கதைசொல்லி அதை ஏற்றுக்கொண்டால் நாணயம் அவருக்கு. எல்லோரும் சொல்லி முடித்தபின் சிறந்த கதை சொன்னவருக்கு நாணயங்கள் சேரும். ஆட்டத்தை நடத்த ஒருவர் வேண்டும் என்ற எண்ணமே கட்டாயமன்று என்பதை இச்சிறு நூல் காட்டியது.

2001 முதல்: கேள்வியே மாறியது

2001-இல் ரான் எட்வர்ட்ஸ், கிளின்டன் நிக்சன் ஆகியோர் தி ஃபோர்ஜ் என்ற இணையக் கலந்துரையாடல் களத்தைத் தொடங்கினர். 2012-இல் அது மூடப்படும்வரை, சொந்தமாக விளையாட்டு எழுதி வெளியிட்ட பலர் அங்கே விவாதித்தனர். நல்ல நடத்துநர் எப்படி இருக்க வேண்டும் என்று அதுவரை கேட்டுவந்தனர். இனி எந்த விதி யாருக்கு எந்த உரிமையைத் தருகிறது என்று கேட்டனர். நடத்துநரின் நற்குணத்தை நம்புவதற்கு மாறாக, பங்கீட்டை விதியிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு.

ஜேரட் சோரன்சனின் இன்ஸ்பெக்டர்ஸ் 2002-இல் வந்தது. பகடை நன்றாக விழுந்தால் நடந்ததை ஆட்டக்காரர் விவரிப்பார். மோசமாக விழுந்தால் நடத்துநர் விவரிப்பார். அதாவது, பகடை வெற்றி தோல்வியோடு பேசும் உரிமையையும் தீர்மானித்தது. பேய் பிடிக்கும் நிறுவனத்தின் கதையான இதில் மர்மத்தின் விடையை நடத்துநர் முன்கூட்டி வைத்திருப்பதில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று, பகடையில் வென்ற ஆட்டக்காரரே சொல்கிறார்.

அதே ஆண்டில் ரால்ஃப் மாஸா, மைக் ஹோம்ஸ் ஆகியோர் உருவாக்கிய யூனிவர்சாலிஸ் வெளிவந்தது. இதில் நடத்துநர் இல்லை, சொந்தப் பாத்திரமும் இல்லை. ஒவ்வொரு கதைச் செய்திக்கும் நாணயம் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு கதவு இருக்கிறது என்பதற்கு ஒன்று; அது பூட்டியிருக்கிறது என்பதற்கு இன்னொன்று. மற்றொருவருக்கு அது பிடிக்கவில்லை என்றால் நாணயத்தால் எதிர்க்கலாம். 2004-இல் மாட் வில்சன் உருவாக்கிய பிரைம்டைம் அட்வென்ச்சர்ஸ் தொலைக்காட்சித் தொடரைப்போல அமைந்தது. ஒருவர் நன்றாக ஆடினால் மற்ற ஆட்டக்காரர்கள் அவருக்கு ரசிகர் கடிதம் என்ற வில்லையைத் தருவார்கள். பாராட்டும் உரிமையும் இவ்வாறு நடத்துநரிடமிருந்து பிரிந்தது.

செகே விதி

உரிமை முழுவதையும் ஆட்டக்காரரிடம் கொடுத்துவிட்டால் போதாதா என்ற கேள்விக்கு அனுபவமே விடை சொன்னது. 2003-இல் மை லைஃப் வித் மாஸ்டர் என்ற விளையாட்டை வெளியிட்ட பால் செகேயின் பெயரால் ஒரு கருத்து வழங்குகிறது. தன் பாத்திரத்துக்கு வரும் இடையூறையும் அதற்கான தீர்வையும் ஒருவரே உருவாக்கினால் ஆட்டம் சுவைக்காது என்பதே அது. பூட்டைப் பூட்டியவரும் அவரே, சாவியைக் கண்டெடுப்பவரும் அவரே என்றால் அதில் பதற்றம் ஏது?

பென் லேமன் 2005-இல் வெளியிட்ட போலாரிஸ் இதற்கு அழகான தீர்வு கண்டது. நான்கு பேர் ஆடுவார்கள். ஒருவரின் நாயகனுக்கு எதிரில் அமர்ந்திருப்பவர் பகைவராக நின்று இடையூறு தருவார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் இருவரும் பிற மனிதர்களின் பாத்திரங்களை ஏற்பார்கள். அடுத்த காட்சியில் பொறுப்புகள் சுற்றிவரும். நாயகனின் ஆட்டக்காரரும் பகைவரும் வரையறுத்த சில சொற்றொடர்களைப் பயன்படுத்திப் பேரம் பேசுவார்கள். நீ கேட்டதைத் தருகிறேன், பதிலுக்கு இதை இழக்க வேண்டும் என்ற வகையில் அது நடக்கும். தனி நடத்துநர் இல்லை. ஆனால் நடத்துநரின் வேலை அப்படியே இருக்கிறது. வேலையை ஒழிக்க முடியாது, பகிரத்தான் முடியும் என்பது இதன் பாடம்.

விலை கொடுத்துச் சொல்வது

ஃபிரெட் ஹிக்ஸ், ராப் டானஹியூ ஆகியோர் உருவாக்கிய ஃபேட் 2003 அளவில் பரவத் தொடங்கி, 2013-இல் ஃபேட் கோர் என்ற திருத்திய வடிவம் பெற்றது. இதில் பாத்திரத்தின் இயல்புகள் சொற்றொடர்களாக எழுதப்படும். வாக்குத் தவறாதவன், கடனில் மூழ்கியவள் என்பதுபோல. அச்சொற்றொடர் உதவும் இடத்தில் ஒரு ஃபேட் புள்ளியைச் செலவிட்டு நன்மை பெறலாம். அதுவே தொல்லை தரும் இடத்தில், அத்தொல்லையை ஏற்பவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். புள்ளி கொடுத்துச் சூழலில் ஒரு செய்தியைச் சேர்க்கவும் முடியும். இந்தக் கதவின் காவலன் என் பழைய நண்பன் என்று ஆட்டக்காரர் அறிவிக்கலாம். துன்பத்தை விரும்பி ஏற்றவருக்கே பின்னர் நன்மை கேட்கும் உரிமை சேர்கிறது.

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் 2017-இல் அச்சில் வந்தது. திருட்டுக் கும்பலின் கதையான இதில் முன்னிகழ்வுக் காட்சி என்ற வசதி உண்டு. பூட்டிய கதவின் முன் நின்றுகொண்டு, நேற்றே காவலனுக்குக் கையூட்டுக் கொடுத்துவிட்டேன் என்று ஆட்டக்காரர் சொல்லலாம். எவ்வளவு சிக்கலான முன்னேற்பாடோ அவ்வளவு மனவழுத்தம் பாத்திரத்தின் கணக்கில் ஏறும். இதனால், திருட்டுக்கு முன் மணிக்கணக்கில் திட்டம் போடும் தேவை இல்லாமற்போனது.

நடத்துநருக்கும் விதி

வின்சென்ட் பேக்கர், மெகெய் பேக்கர் ஆகியோரின் அபோகலிப்ஸ் வேர்ல்ட் 2010-இல் வெளிவந்தது. அதில் நடத்துநர் பகடை உருட்டுவதில்லை. ஆட்டக்காரர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, உரிய எண்ணைக் கூட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் ஏதேனும் விலையோடு வெற்றி. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நடத்துநரின் கை ஓங்கும்.

இந்நூலின் முதன்மையான புதுமை வேறிடத்தில் இருந்தது. நடத்துநர் எப்போது பேச வேண்டும், எவ்வகைச் செயல்களைச் செய்யலாம், எவற்றை நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்பவற்றை அது விதியாகவே வகுத்தது. முன்கூட்டிக் கதையைத் திட்டமிடக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. உலகத்தைப் பற்றி ஆட்டக்காரர்களிடம் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்ன விடையின்மேல் கட்ட வேண்டும் என்பது இன்னொன்று. பழைய நடுவர் விதிக்கு மேலே இருந்தார். இங்கே நடத்துநரும் விதிக்குக் கட்டுப்பட்ட இன்னோர் ஆட்டக்காரர். இவ்வமைப்பைப் பின்பற்றி 2012-இல் வந்த டன்ஜன் வேர்ல்ட் முதலாகப் பல விளையாட்டுகள் எழுதப்பட்டன. ஷான் டாம்கின் 2018-இல் வெளியிட்ட அயர்ன்ஸ்வோர்ன், நடத்துநரோடும், நடத்துநரின்றிக் கூட்டாகவும், ஒருவர் தனியாகவும் ஆடும்படி அமைந்தது.

உரத்த குரலும் அமைதியான குரலும்

அதிகாரத்தை ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பது என்றால், உண்மையில் எந்த ஆட்டக்காரருக்கு? விதி எதுவும் இல்லாத இடத்தில் உரத்துப் பேசுபவரே நடத்துநராகிவிடுவார். பெயரில் எல்லோருக்கும் உரிமை, நடப்பில் ஒருவருக்கு என்ற நிலை வரும். இதைப் புரிந்துகொண்ட வடிவமைப்பாளர்கள் அமைதியானவர்களைக் காக்கும் விதிகளை எழுதினர்.

ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009-இல் வெளியிட்ட ஃபியாஸ்கோவில் நடத்துநர் இல்லை. முறை வந்தவர் ஒரு காட்சியைத் தாமே தொடங்கலாம், அல்லது அது எப்படி முடிய வேண்டும் என்று தீர்மானிக்கலாம். இரண்டையும் ஒருவரே செய்ய முடியாது. எஞ்சியதை மற்றவர்கள் செய்வார்கள். பென் ராபின்ஸ் 2011-இல் வெளியிட்ட மைக்ரோஸ்கோப், ஒரு நாகரிகத்தின் நெடிய வரலாற்றை முன்னும் பின்னுமாகக் கட்டும் விளையாட்டு. ஒருவர் தம் முறையில் வரலாற்றில் ஒன்றைச் சேர்க்கும்போது மற்றவர்கள் யோசனை சொல்லக்கூடாது. முதல் முறை ஆட வந்த கூச்சமுள்ளவருக்கும் அந்தச் சில நிமிடங்கள் முழு உரிமை உண்டு. ஏவரி ஆல்டரின் தி கொயட் இயர் 2013-இல் வந்தது. ஒரு சிற்றூரின் ஓராண்டை 52 சீட்டுகள் குறிக்கும். ஊர்க் கூட்டம் நடக்கும்போது ஒவ்வொருவரும் ஓரிரு வாக்கியம் மட்டுமே பேசலாம். முடிவில் தன் கருத்து மதிக்கப்படவில்லை என்று தோன்றினால் மனக்கசப்பு வில்லை ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் கதை சொல்லும் உரிமையின் ஒரு பகுதியே. எவை கதையில் வரவே கூடாது, எவை திரைமறைவில் மட்டும் நடக்கலாம் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளும் முறையை ரான் எட்வர்ட்ஸ் 2000களின் தொடக்கத்தில் எழுதினார். 2013-இல் ஜான் ஸ்டாவ்ரோபுலஸ் எக்ஸ் சீட்டு என்பதை அறிமுகப்படுத்தினார். மேசை நடுவில் எக்ஸ் குறியிட்ட ஒரு சீட்டு இருக்கும். யாராவது அதைத் தொட்டால், அப்போது பேசிக்கொண்டிருந்தது கதையிலிருந்து நீக்கப்படும். காரணம் கேட்கப்படுவதில்லை. நடத்துநரின் உலகமாக இருந்த ஒன்றில், அங்கே அமர்ந்திருக்கும் மனிதரின் மனம் முதலிடம் பெற்றது.

எதிர்க்கருத்து

இம்மாற்றங்களை எல்லோரும் ஏற்கவில்லை. 2000களில் பழைய முறை மறுமலர்ச்சி என்ற இயக்கம் எழுந்தது. மாட் ஃபிஞ்ச் 2008-இல் வெளியிட்ட சிறுநூல் அதன் கருத்துகளைச் சுருக்கமாகக் கூறியது. விதிநூலைப் புரட்டுவதைவிட நடுவரின் உடனடித் தீர்ப்பே சிறந்தது. பாத்திரத்தின் எண்களைவிட ஆட்டக்காரரின் அறிவுக்கூர்மையே முக்கியம் என்றது அது.

இவ்வியக்கத்தாரின் வாதம் ஆழமானது. கதை எழுதும் உரிமையும் சுதந்திரமும் ஒன்றல்ல என்பது அவர்கள் கருத்து. கதவுக்குப் பின்னால் இருப்பது ஆட்டக்காரரின் விருப்பத்துக்கு வளையாமல் இருந்தால்தான், அதைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவுக்குப் பொருள் உண்டு. விளைவு உண்மையாக இருந்தால்தான் தேர்வும் உண்மையாக இருக்கும். பாத்திரத்தின் கண்ணால் உலகைப் பார்ப்பவர், திடீரென்று எழுத்தாளராகி உலகைப் படைக்க வேண்டியிருந்தால் மனம் ஆட்டத்திலிருந்து வெளியே வந்துவிடும் என்றும் சிலர் கூறுகின்றனர்.

ஜேசன் கோர்டோவாவின் பிரிண்டில்வுட் பே இந்த விவாதத்தைத் தெளிவாகக் காட்டும் அண்மைக்கால எடுத்துக்காட்டு. கொலைகளைத் துப்பறியும் முதிய பெண்கள் அதன் பாத்திரங்கள். கொலையாளி யார் என்பது முன்கூட்டி முடிவு செய்யப்படுவதில்லை. ஆட்டக்காரர்கள் தடயங்களை இணைத்து ஒரு விளக்கத்தை உருவாக்கிப் பகடை உருட்டுவார்கள். பகடை ஒத்துழைத்தால் அதுவே உண்மை. சேர்ந்து துப்புத் துலக்கிய நிறைவு அதில் சிலருக்குக் கிடைக்கிறது. இல்லாத உண்மையை எப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டும் நேர்மையான கருத்துகள். இரண்டு வகை இன்பத்தைக் குறிக்கின்றன.

இன்றைய நிலை

சிறு வெளியீட்டாளர்களிடம் தோன்றிய கருத்துகள் மெல்ல மெல்லப் பெரிய விளையாட்டுகளுக்கும் வந்தன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில், பாத்திரத்தின் இயல்புக்கு ஏற்ப ஆடுபவருக்கு ஊக்கம் என்ற சலுகை உண்டு. அதே ஆண்டின் நடத்துநர் கையேடு, ஆட்டக்காரர்கள் கதையில் திருப்பம் சேர்க்க உதவும் கதைப் புள்ளிகளை விருப்ப விதியாகச் சேர்த்தது. 2025-இல் டாரிங்டன் பிரஸ் வெளியிட்ட டாகர்ஹார்ட், உலகத்தை நடத்துநரும் ஆட்டக்காரர்களும் சேர்ந்தே கட்டுவதைத் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்துகிறது.

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், கதை சொல்லும் உரிமை என்பது ஒரே பொருளன்று என்பது விளங்கும். என் பாத்திரம் என்ன முயல்கிறது. அந்த முயற்சி என்ன ஆனது. உலகத்தில் எவை இருக்கின்றன. காட்சி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது. எது கதையில் வரக்கூடாது என ஐந்து உரிமைகள் அதற்குள் அடங்கியுள்ளன. 1974-இல் முதலாவது மட்டுமே ஆட்டக்காரரிடம் இருந்தது. இன்று ஐந்தையும் ஆட்டக்காரர்களிடம் தரும் விளையாட்டுகளும் உண்டு, ஒன்றை மட்டும் தருபவையும் உண்டு. எதைத் தருவது, எதை நிறுத்திவைப்பது என்பதை ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் பேசி ஒத்துக்கொள்ளும் வழக்கமும் பரவியுள்ளது. முதல் ஆட்டத்துக்கு முன் இதற்கெனத் தனி அமர்வு வைக்கும் குழுக்கள் பல. பூட்டிய கதவை யார் வைத்தார், அதைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பது அங்கு அமர்ந்திருக்கும் அனைவருக்கும் தெரிந்திருந்தால், பழைய முறை ஆட்டமும் புதிய முறை ஆட்டமும் ஒருபோலச் சிறக்கும்.